டொக் என்று ஒரு சத்தம்

2003ஆம் ஆண்டு. சமாதான காலம் என்று நாங்கள் இன்றைக்கும் சொல்லும் அந்தக் கொஞ்ச நாட்கள். எனக்குப் பதினேழு வயது. திருகோணமலையில் ஒரு வலைப்பந்தாட்டப் போட்டியில் சென்டர் நின்றேன். உயரமாக வந்த பந்தை எட்டிப் பிடித்து வலது காலில் இறங்கினேன். கால் நிலத்தில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் இடப்பக்கம் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் யாரோ காய்ந்த விறகை முறித்ததுபோல எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரும் என்னை இடிக்கவில்லை, தொடவும் இல்லை.

விழுந்து கிடந்த என்னைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். “ஒண்டுமில்லை, பிரண்டிட்டு” என்றார் ஒருவர். இன்னொருவர் குதிக்காலைப் பிடித்து நேராக இழுத்தார். எங்கிருந்தோ எண்ணெய் வந்தது. ஒரு பெரியவர் கெண்டைக்காலில் தொடங்கித் தொடை வரைக்கும் உருவிவிட்டார். நல்ல மனிதர். பிள்ளைக்கு நோகிறதே என்ற அக்கறையில்தான் செய்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மணித்தியாலத்துக்குள் முழங்கால் உருண்டு திரண்டு மடக்கவே முடியாமல் போனது. “வீக்கம் வத்தினாச் சரி” என்றார்கள். மூன்று கிழமையில் வற்றியது. ஐந்தாம் கிழமை மறுபடியும் விளையாட இறங்கினேன். பந்தோடு திரும்பியபோது முழங்கால் கழன்று போவதுபோல ஒரு உணர்வு, திரும்பவும் தரையில் கிடந்தேன்.

இரண்டு வருடம் கழித்துக் கொழும்பில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முழங்காலுக்குள் குறுக்காக ஓடித் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஏசிஎல் என்ற நார் முழுதாக அறுந்திருந்தது. அறுந்த காலோடு ஓடித்திரிந்ததில் உள்ளே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. “அடிபட்ட அண்டைக்கு ஏதும் சத்தம் கேட்டதா? எவ்வளவு நேரத்தில வீங்கினது?” என்று அந்த வைத்தியர் கேட்டார். இரண்டு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

திரும்பும்போது அல்லது இறங்கும்போது உள்ளே ஒரு சத்தம், இரண்டு மணித்தியாலத்துக்குள் பெரிய வீக்கம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏசிஎல் அறுந்திருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். அடுத்த நாள் காலையில் மெதுவாக வரும் வீக்கம் வேறு வகை. இதைப் பிரித்தறிய மைதானத்தில் ஒரு கடிகாரமும் ஒரு கேள்வியும் போதும். எங்களிடம் இரண்டுமே இருந்தன. ஆனால் பத்துப் பேரின் கைகள் முந்திவிட்டன.

இன்றைக்கு நான் மாலை நேரங்களில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன். மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தால் ஆண்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வேன். எங்கள் மைதானத்தில் பிசியோதெரபிஸ்ட் கிடையாது. பிள்ளை விழுந்தால் முதலில் ஓடிப்போகும் ஆள் நான், அல்லது என்னைப்போல் இன்னொரு பயிற்றுவிப்பாளர், அல்லது வேலியோரம் நிற்கும் ஒரு அப்பா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழகுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் விளையாட்டு முதலுதவி படிப்பவர்களுக்கு இதை டோட்டாப்ஸ் என்று சுருக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில் பேச வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். பிறகு தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளை தானாக அசைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாங்கள் அசைத்துப் பார்ப்பது. கடைசியில் நடை, ஓட்டம், பாய்ச்சல். எந்தப் படியில் பிழை தெரிகிறதோ அந்தப் படியோடு நிறுத்த வேண்டும். எங்கள் ஊர் வழக்கத்தில் ஐந்தாவது படிதான் முதலாவதாக நடக்கிறது: போனவுடன் காலைப் பிடித்து இழுப்பது.

பேசுவது என்றால் “நோகுதா?” என்று கேட்பது அல்ல. விழுந்த பிள்ளை ஓம் என்றுதான் சொல்லும். எப்படி விழுந்தாய், கால் எந்தப் பக்கம் மடங்கியது, யாரும் மோதினார்களா, சத்தம் கேட்டதா, முன்பு இதே இடத்தில் அடிபட்டதா, இப்போது எங்கே நோகிறது, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டு. இந்த ஒற்றை விரல் முக்கியம். உள்ளங்கையால் முழுக் காலையும் தடவிக் காட்டும் பிள்ளைக்கும், ஒரே ஒரு புள்ளியில் விரலை வைத்து முகம் சுளிக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரே புள்ளி என்றால், அதுவும் எலும்புக்கு மேலே என்றால், நான் உடனே கவனமாகிவிடுவேன்.

நோவைச் சொல்வதற்கு எங்கள் பேச்சில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். குத்துது, கடுக்குது, உளையுது, எரியுது, இழுக்குது, விறைக்குது, விண்விண் எண்டு தெறிக்குது. பிள்ளைகள் இவற்றை மாற்றி மாற்றிச் சொல்வதில்லை. ஓடும்போது தொடையின் பின்பக்கத்தில் ‘சுள்’ என்று இழுத்தது என்று ஒருவன் சொன்னால் அது பெரும்பாலும் தசை நார் கிழிந்த கதை. ஓட்டத்தின் பிறகு கால் முழுவதும் உளையுது என்றால் அநேகமாகக் களைத்த தசை, நாளைக்குச் சரியாகிவிடும். விறைக்குது, ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு என்றால் நரம்போ இரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைக் கேட்டபின் நான் மைதானத்தில் ஒரு நிமிடமும் வீணாக்குவதில்லை. கீழ்க்காலில் பலமாக உதை வாங்கிய பையனுக்கு அடி சிறிதாகத் தெரிந்து, கடுப்பு மட்டும் நேரம் போகப் போக ஏறிக்கொண்டே போய், கால்விரலை அசைத்தாலே அலறுகிறான் என்றால் அதுவும் அப்படித்தான். தசைகளைச் சுற்றியுள்ள இறுக்கமான உறைக்குள் அழுத்தம் கூடும்போது அப்படி வரும். சில மணித்தியாலத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் தசை செத்துப்போகும். ஆகவே பிள்ளை சொல்லும் சொல்லைத் திருத்தாமல் அப்படியே கேளுங்கள். வைத்தியரிடமும் அதே சொல்லைச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கு ஒரு சின்ன வழி: அடிபடாத காலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு சப்பாத்தும் கழற்றி, இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில். வீக்கம், நிற மாற்றம், வளைவு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தொடும்போதும் நல்ல காலில் தொடங்கி, அடிபட்ட இடத்துக்குத் தூரத்தில் இருந்து மெல்ல மெல்ல வருவேன். நேராக நோகும் இடத்தில் கை வைத்தால் பிள்ளை இறுகிக்கொள்ளும், அதன்பின் ஒன்றும் அறிய முடியாது.

கணுக்காலுக்கு வருகிறேன், ஏனென்றால் நாங்கள் அதிகம் பார்ப்பது அதைத்தான். பாதம் உள்பக்கம் மடங்க, வெளிப்பக்க நார் இழுபடும். சுளுக்கா முறிவா? வீக்கத்தின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. பெரிதாக வீங்கிய சுளுக்கும் உண்டு, கொஞ்சமாக வீங்கிய முறிவும் உண்டு. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு எளிய விதி கண்டுபிடித்தார்கள். தேவையில்லாத எக்ஸ்றேயைக் குறைக்க வேண்டும், முறிவையும் தவறவிடக்கூடாது என்பது அவர்கள் நோக்கம். கணுக்கால் மொளி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு இருக்கிறதல்லவா, அந்த எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டரும் அதன் நுனியும் அழுத்தினால் நோகிறதா? பாதத்தின் வெளியோரம் நடுவில் புடைத்து நிற்கும் எலும்பு, சின்ன விரலுக்குப் போகும் நீள எலும்பின் அடி, அங்கே நோகிறதா? உட்பக்கம் பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பில்? அடிபட்ட உடனேயும், பிறகு பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? நொண்டி நொண்டி என்றாலும் அது நடைதான். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் எக்ஸ்றே. எதுவும் பிழைக்காவிட்டால் பெரிய முறிவு இருப்பது மிக அரிது.

இந்த விதி முதலில் பெரியவர்களுக்காக வந்தது, பிறகு சிறுவர்களிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் வளரும் பிள்ளைகளுக்கு நான் இன்னும் ஒரு படி பயந்தே முடிவெடுப்பேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அது பக்கத்தில் உள்ள நாரைவிடப் பலம் குறைந்தது. பெரியவருக்கு நார் இழுபடும் அதே விழுகையில் சிறுவனுக்கு அந்தத் தட்டு விலகிவிடலாம். வெளி மொளிக்கு மேலேயே நோகும் சிறுவனை ‘சுளுக்கு’ என்று வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

நீளம் பாய்தல் பழகிய பையன் ஒருவன் மணல்குழியின் ஓரத்தில் கால் வைத்து விழுந்தான். வீக்கம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்து சிரித்தான். “இல்லை மிஸ், ஏலும்” என்று ஆறு ஏழு அடி நடந்தும் காட்டினான். பாதத்தின் வெளியோரத்தை அழுத்தியபோது மட்டும் துள்ளிவிட்டான். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அந்த நீள எலும்பின் அடியில் கோடுபோல ஒரு முறிவு. அவன் தாத்தா எண்ணெய் காய்ச்சத் தொடங்கியிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

முறிவு நெறிவு வைத்தியரிடம் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் அந்தப் பாரம்பரியத்தின் மேல் நம்பிக்கை ஆழமானது. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை, என் அம்மம்மாவின் மணிக்கட்டை அப்படி ஒருவர்தான் கட்டினார். நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: முதலில் எக்ஸ்றே எடுங்கள், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள். புதிதாக அடிபட்ட இடத்தை முதல் இரண்டு மூன்று நாள் உருவ வேண்டாம், சுடு ஒத்தடம் வேண்டாம். உள்ளே அறுந்த சின்னக் குழாய்களில் இருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரம் அது. உருவினால் கசிவு கூடும். தோள்மூட்டு விலகினால் மைதானத்தில் தள்ளி ஏற்றவே கூடாது, கையை உடம்போடு அணைத்துக் கட்டி அனுப்புங்கள்.

ஐஸ் பற்றியும் கேட்பார்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்துதல் என்ற சூத்திரத்தை 1978இல் சொன்னவர் கேப் மெர்கின் என்ற அமெரிக்க வைத்தியர். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நான் நோவைக் குறைக்க மட்டும், துணியில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் வைக்கிறேன். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கும் கடைகள் உள்ள ஊரில் அதற்குத் தட்டுப்பாடு இல்லை.

தலையில் அடி என்றால் என் முறையே வேறு. 2019 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 80 ஓட்டங்களோடு வெளியே போனார், பரிசோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 வரை அடித்தார். அடுத்த நாள் காலையில்தான் அறிகுறிகள் வெளிவந்தன. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் கிரிக்கெட்டின் முதலாவது மூளையதிர்ச்சி மாற்று வீரர். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவக் குழு பக்கத்தில் நின்றும் அறிகுறி மறுநாள்தான் வந்தது என்றால், மர நிழலில் நிற்கும் நான் “அவன் ஓகே” என்று எப்படிச் சொல்வேன்?

மயங்கி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. வெறித்த பார்வை, பதில் சொல்லத் தாமதம், தள்ளாட்டம், வெளிச்சம் பிடிக்காமை, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல். இவைதான் வரும். அவுஸ்திரேலியாவில் மேடொக்ஸ் என்பவர் 1995இல் வெளியிட்ட கேள்விகளில் இருந்து சுருக்கி எடுத்த ஐந்து கேள்விகள் இருக்கின்றன. இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாக கோல் போட்டது யார், போன போட்டியில் யாரோடு விளையாடினோம், அதில் வென்றோமா. உன் பெயர் என்ன, இன்றைக்கு என்ன நாள் என்று கேட்பதைவிட இவை நன்றாக வேலை செய்கின்றன. சொந்தப் பெயரை யாரும் இலகுவில் மறக்கமாட்டார்கள்.

உதைபந்தாட்டத்தில் இருவர் தலை மோதிய ஒரு மாலையில் நான் அவற்றைக் கேட்டேன். “இது எந்த கிரவுண்ட் தம்பி?” மக்கேசர் மைதானத்தில் நின்றுகொண்டு அவன் “ஏகாம்பரம்” என்று இன்னொரு மைதானத்தின் பெயரைச் சொன்னான். மிக உறுதியாகச் சொன்னான். அவனை வெளியே எடுத்ததற்கு அவனுடைய அணி என்னோடு சண்டை பிடித்தது, ஆறு நிமிடம்தான் பாக்கி என்றார்கள். அன்றைக்கு அவன் திரும்ப இறங்கவில்லை. சந்தேகம் வந்தாலே அன்றைய விளையாட்டு முடிந்தது, அதில் பேச்சுக்கு இடமில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அதுவும் வளரும் வயதில், மூளை வீங்கி உயிரே போனதுண்டு. முதல் ஓரிரு நாள் அடங்கிய ஓய்வு, பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம், வைத்தியர் சரி என்ற பிறகே மோதல் உள்ள விளையாட்டு. தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கழுத்து நொந்தால் அசைக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இவ்வளவு நேரமும் கையைப் பொறுக்கச் சொன்னேன். கை முந்த வேண்டிய இடங்களும் இரண்டு இருக்கின்றன.

ஒன்று வெயில். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது இங்கே மைதானம் அடுப்புக்குள் நிற்பதுபோல இருக்கும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை தடுமாறி, பிதற்றி, தெரிந்தவர்களோடு சண்டைக்கு வந்து, விழுந்தால் அது வெப்பத் தாக்கம் என்றே நினையுங்கள். உடம்பின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். தோல் காய்ந்திருக்கும் என்று சொல்லிக் காத்திருக்க வேண்டாம், ஓடி வந்த பிள்ளைக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை குளிராக்க வேண்டும். எங்களிடம் ஒரு தறப்பாள் இருக்கிறது. பிள்ளையை அதில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, தண்ணீரும் ஐஸும் ஊற்றி ஆட்டினால் அது ஒரு தொட்டியாகிவிடும். இடம்பெயர்ந்த காலத்தில் கூரையாக இருந்த தறப்பாள் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது, ஒன்றை மைதானத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

மற்றது இதயம். 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகனில் ஒரு போட்டியின் நடுவில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்து விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சிக் கருவி வைத்தார்கள், அதனால் உயிர் பிழைத்து மறுபடியும் விளையாடினார். யாரும் தொடாமல் விழுந்த பிள்ளை கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் கேள்வி கேட்க நேரமில்லை. மார்பின் நடுவில் இரண்டு கையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று இரும்பைத் தேடி ஓடாதீர்கள்.

மெதுவாக வரும் காயங்களைத் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். கீழ்க்காலின் முன்பக்க எலும்பின் உள்ளோரம் நீளமாக நோவது பயிற்சி திடீரென்று கூடியதால் வருவது. அதே எலும்பில் ஒரு நாணயம் அளவு இடத்தில் நோவு, இரவிலும் நோவு என்றால் அது எலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம். வலய மட்டப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது இதைப் பிள்ளைகள் ஒளிப்பார்கள். அவர்களுடைய நடையைப் பாருங்கள்.

என்னுடைய வலைப்பந்துக்கே திரும்பி வருகிறேன். பந்தைப் பிடித்தவர் இறங்கிய காலை மறுபடி தரையில் வைக்க இந்த விளையாட்டின் விதி இடம் தராது. ஓடி வந்த வேகம் முழுவதையும் ஒரு காலில் அடக்கி நிற்க வேண்டும். இதே மாதிரியான விளையாட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஏசிஎல் அறுவது ஆண்பிள்ளைகளைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு. எனவே நாங்கள் ஒவ்வொரு நாளும் பந்தைத் தொடுமுன் இறங்கப் பழகுகிறோம்: முழங்காலை மடித்து, அது உள்பக்கம் சாயாமல், சத்தமில்லாமல். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைப் பார்த்து எம்பப் பழகும் பிள்ளைகளுக்கு இறங்கப் பழக்குவது சலிப்பான வேலைதான். ஆனால் பாதிக் காயங்கள் அங்கேயே நின்றுவிடும் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. போன வருடம் தரம் 10 படிக்கும் ஒரு பிள்ளை கோல் டிஃபன்ஸ் நின்றவள், இறங்கித் திரும்பும்போது விழுந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடி வந்து இரண்டு அடி தள்ளி நின்றார்கள், ஒருத்தி மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் பக்கத்தில் குந்துவதற்குள் அவளே சொன்னாள்: “ஆரும் இடிக்கேல்ல மிஸ். உள்ளுக்க டொக் எண்டு கேட்டது.”

4.50க்குச் சத்தம். 5.35க்கு முழங்கால் சில்லின் ஓரங்கள் வீக்கத்தில் மறைந்துவிட்டன. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டையும் எழுதி அவளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அம்மா கைப்பையில் எண்ணெய்ப் போத்தலோடுதான் வந்திருந்தார். “உருவ வேண்டாமோ டீச்சர்?” என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். என் முழங்காலைக் காட்டினேன், நடக்கும்போது இன்றைக்கும் அது விடும் சத்தத்தையும் கேட்கச் செய்தேன். போத்தலை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினார்.

அவளுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து இது ஐந்தாவது மாதம். ஒன்பது மாதம் ஆவதற்கு முன் போட்டிக்கு இறங்கினால் மறுபடி அறுகிற ஆபத்து அதிகம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். மாலையில் வேப்ப மரத்தடியில் இருந்து தொடைக்கான பயிற்சிகளைச் செய்கிறாள், இடையில் மற்றவர்கள் இறங்கும் விதத்தில் பிழை பிடிக்கிறாள். ஒவ்வொரு திங்களும் ஒரே கேள்வி, “மிஸ், இந்தக் கிழமை விளையாடலாமா?” ஒவ்வொரு திங்களும் இல்லை என்கிறேன், அவள் கொப்பியில் இன்னொரு கிழமையைக் கீறி விடுகிறாள்.